மேல்மடையில் ஓரிரவு

ஓர் ஆற்றின் நீரால் வளர்ந்தவர் அனைவரும் அவ்வாற்றின் பிறப்பிடத்தைக் கண்டவர் அல்லர். கல்முனைக் கரையோரத்து மக்களாகிய எமக்கு இங்கினியாகலை என்னும் பெயர் சிறு பராயம் முதலே காதிற் பழகியது. சிறுபோகம் தொடங்கும் நாட்களில் பள்ளிவாசல் முற்றத்திலும் தேநீர்க் கடையிலும் ஒருவரை ஒருவர் கண்டவுடன் கேட்கும் கேள்வி, "இங்கினியாகலையில தண்ணி திறந்திட்டாங்களா?" என்பதே. அக்கேள்விக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்துத்தான் கடன் வாங்குவதும், விதை நெல் ஊற வைப்பதும், சில வேளைகளிற் கலியாணத்துக்கு நாள் குறிப்பதும் நடைபெறும். ஆயினும், எம்முட் பெரும்பாலார் அவ்விடத்தைக் கண்ணாற் கண்டதில்லை. கல்முனையிலிருந்து அது ஏறக்குறைய ஐம்பது கிலோமீற்றர் தொலைவிலேயே உள்ளது. ஹஜ்ஜுக்குச் சென்று மக்காவைக் கண்டு வந்த எம்மூர் முதியவர்கள் பலர், தம் வயலுக்கு நீர் தரும் அணையைக் காணாமலே கண்மூடினர்.

என் வாப்பாவும் அவ்வாறே இருந்தார். அணையின் கட்டுமானம் தொடங்கிய 1949ஆம் ஆண்டுக்கு ஓராண்டு முன்னர் பிறந்தவர் அவர். கிட்டங்கியைக் கடந்து சவளக்கடைப் பக்கம் செல்லும் வழியில் எமக்கு மூன்று ஏக்கர் வயல் உண்டு. இடதுகரை வாய்க்காலின் கடைக்கோடி அது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்நிலத்திற் பாடுபட்ட அவர், முழங்கால் இயலாமற் போகவே வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு வீட்டோடு இருக்கலானார். சென்ற ஆண்டு வைகாசி மாதத்தில் ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் என்னை அழைத்து, "மகன், மௌத்தாகிறதுக்கு முதல் அந்த அணையை ஒருக்காப் பார்க்க வேணும்" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அடுத்த மாதமே இங்கினியாகலையில் ஒரு விடுதியில் ஓரிரவு தங்குவதென ஏற்பாடாயிற்று.

காரைதீவுச் சந்தியில் மேற்கே திரும்பி, சம்மாந்துறை வயல்களினூடாக மல்வத்தையைத் தாண்டி அம்பாறை சென்றோம். வழி நெடுகிலும் வாப்பா ஒவ்வொரு வாய்க்காலையும் உற்று நோக்கி, "இதில தண்ணி கூட, இதில குறைவு" என்று தமக்குள்ளே கணக்குப் பார்த்துக்கொண்டு வந்தார். அம்பாறை நகருக்கு அப்பால் கொண்டவட்டவான் குளம் தென்பட்டது. அங்கே கிடைத்த பத்தாம் நூற்றாண்டுத் தூண் கல்வெட்டொன்று உழவுக்குரிய விதிகளையும் அவற்றை மீறுவோர் செலுத்த வேண்டிய தண்டங்களையும் கூறுகிறது என்று நான் சொன்னபோது, வாப்பா சற்று நேரம் மௌனமாயிருந்து, "அந்தக் காலத்திலயே தண்டம் இருந்ததா?" என்று கேட்டார். அக்கேள்வியின் உட்பொருளை அப்போது நான் அறியவில்லை.

நாங்கள் தங்கிய விடுதி அணைக்கு அண்மையில், வனத்தின் வாயில் போன்றதோர் இடத்தில் உள்ளது. அணை கட்டிய காலத்தின் சாயலை இன்றும் இழக்காத பழைய கட்டடம். உயர்ந்த கூரை, அகன்ற விறாந்தை, அதில் வரிசையாகச் சாய்மனைக் கதிரைகள், அறையிற் கட்டிலின் மேல் நுளம்பு வலை. முற்றத்து மரங்களிற் குரங்குகள் தாவித் திரிந்தன. நகரத்து விடுதிகளின் பளபளப்பு அங்கில்லை. பல தலைமுறை மனிதர் வந்து தங்கிச் சென்ற வீட்டுக்குரிய அமைதியே இருந்தது. பொறியியலாளரும் அமைச்சரும் வேட்டைப் பிரியரும் உட்கார்ந்து ஏரிக் காற்று வாங்கிய விறாந்தை என்று அங்கிருந்தோர் கூறினர். கடைமடை விவசாயி ஒருவர் சாரனைச் சற்று உயர்த்திக் கட்டிக்கொண்டு அதே கதிரையில் அமர்ந்தபோது, காலம் எங்கோ ஒரு சிறு நியாயம் செய்தது போல் எனக்குத் தோன்றிற்று.

எம் முன்னோர் பட்டிப்பளை ஆறு என்று வழங்கிய ஆறே இன்று கல்லோயா எனப்படுகிறது. பதுளைக்குக் கிழக்கேயுள்ள மலைகளிற் பிறந்து, கிழக்கு நோக்கி ஓடி, எம் கரையோரத்திற் கடலோடு கலப்பது அது. அணை எழுவதற்கு முன் மாரியில் வெள்ளமும் கோடையில் வறட்சியும் அதன் இயல்பு. வெள்ளம் வந்து கதிரை அள்ளிச் சென்ற கதைகளை என் மூத்தாப்பா கூறக் கேட்டிருக்கிறேன். நாடு சுதந்திரம் பெற்ற மறு ஆண்டிலே, 1949இல், பிரதமர் டி. எஸ். சேனநாயக்கவின் அரசு கல்லோயா அபிவிருத்திச் சபையை நிறுவியது. அமெரிக்காவின் டெனசிப் பள்ளத்தாக்கு அதிகாரசபையை முன்மாதிரியாகக் கொண்ட அமைப்பு அது. மொரிசன் நுட்சன் என்னும் அமெரிக்க நிறுவனம் அணையைக் கட்டியது. ஏறத்தாழ 1,100 மீற்றர் நீளமும் 43 மீற்றர் உயரமும் கொண்ட அவ்வணைக்குப் பின்னால், நிறைந்த காலத்தில் 7 இலட்சத்து 70 ஆயிரம் ஏக்கர்-அடி நீர் தேங்கும். இலங்கையின் மிகப் பெரிய நீர்த்தேக்கமாகிய அதற்குச் சேனநாயக்க சமுத்திரம் என்று பெயரிட்டனர். நாள்தோறும் மெய்யான சமுத்திரத்தின் ஓசையிற் கண்விழிக்கும் எமக்கு இன்னொரு சமுத்திரமும் உண்டு என்பதை, அதன் கரையில் நின்றபோதுதான் நான் உணர்ந்தேன்.

இவ்வரலாற்றுக்கு மறுபக்கமும் உண்டு. பள்ளத்தாக்கின் மேற்பகுதிகளிற் குடியேற்றங்கள் எழுந்தன. நாட்டின் வேறு பகுதிகளிலிருந்து சிங்கள விவசாயக் குடும்பங்கள் பெருந்தொகையாக வந்து குடியமர்ந்தன. எம் பகுதியாரிற் சிலரும் காணி பெற்றனர். யாருக்கு எவ்வளவு காணி, யார் மேல்மடை, யார் கீழ்மடை என்ற வினாக்கள் அன்று தொட்டே மனங்களிற் கனன்றன. 1956ஆம் ஆண்டு ஆனி மாதத்தில், சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறிய நாட்களில், இப்பள்ளத்தாக்கில் வெடித்த இனக்கலவரத்திற் பலர் உயிரிழந்தனர். 1961இல் மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது. பின்னர் வந்த போர்க்காலம் 2009 வரை நீண்டது. இத்தனையும் நிகழ்ந்த பாதையில் எம்மவர் உல்லாசப் பயணம் செல்லாததற்குக் காரணம் சோம்பல் அன்று. நீர் அவ்வழியால் வந்தது. அச்சமும் அவ்வழியாலேயே வந்தது.

பிற்பகலிற் படகில் ஏரிக்குட் சென்றேன். வாப்பா வர மறுத்து அணை மேட்டிலேயே இருந்துவிட்டார். ஏரியைச் சூழ்ந்துள்ள காடு 1954இல் தேசிய வனமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. பரப்பளவு 25,900 ஹெக்டேயர். நீர்த்தேக்கத்துக்கு நீர் வழங்கும் காடு அழிந்தால் ஏரி தூர்ந்துவிடும் என்பதற்காகவே அதற்குக் காப்பு அளிக்கப்பட்டது. இன்று பயணிகள் கண்டு வியக்கும் அழகு முழுவதும், எம் வயலுக்கு நீர் தவறாமல் வரவேண்டும் என்பதற்காகக் காக்கப்பட்ட காட்டின் அழகே என்று எண்ணியபோது என் நெஞ்சு நெகிழ்ந்தது. மூன்று ஏக்கர் கடைமடை வயலுக்குப் பின்னால் இத்தனை பெரிய காடு காவல் நிற்கிறது என்று எமக்கு யாரும் சொன்னதில்லை.

நீர் குறைந்திருந்த காலமாதலால் கரையெங்கும் பசும்புல் முளைத்திருந்தது. யானைக் கூட்டமொன்று அதில் மேய்ந்து கொண்டிருந்தது. இவ்வேரியின் யானைகள் தீவுக்குத் தீவு நீந்திச் செல்வதற்குப் பெயர்பெற்றவை. அன்றும் ஒரு யானை நீரில் இறங்கிற்று. உடல் முழுதும் மறைந்து, துதிக்கை நுனியும் தலையின் ஒரு பகுதியும் மட்டுமே நீர்மேல் தெரிய, அவசரமின்றி அக்கரை சேர்ந்தது. மூழ்கி மாண்ட மரங்களின் வெளிறிய கிளைகளில் நீர்க்காகங்கள் சிறகுலர்த்தின. கரைமேட்டுக் காடுகளிற் கடுக்காயும் தான்றியும் நெல்லியும் வளர்கின்றன. திரிபலை என்று நாட்டு வைத்தியர் போற்றும் மூன்றும் இவ்வனத்தின் இயற்கைச் செல்வங்கள். படகோட்டி ஓரிடத்தில் இயந்திரத்தை நிறுத்தி, வேடர்கள் வேட்டையாடிய காடுகளிற் பல இந்நீருக்கு அடியிலேயே உள்ளன என்றார். இறத்துகல முதலிய இடங்களில் அவர்தம் வழியினர் இன்றும் வாழ்கின்றனர். எம் வயலை நனைக்கும் நீர் முதலில் யாரோ ஒருவரின் நிலத்தை மூடிவிட்டே வருகிறது என்பதை அந்த அமைதியில் அறிந்தேன்.

திரும்பி வந்தபோது வாப்பா விடுதி விறாந்தையில் அதன் பராமரிப்பாளரோடு உரையாடிக் கொண்டிருந்தார். வாப்பாவுக்கு வயல்வெளியிற் கற்ற சிங்களம் உண்டு. பராமரிப்பாளருக்கும் சந்தையிற் கற்ற தமிழ் சிறிது உண்டு. அவர்தம் தந்தையார் ஐம்பதுகளிற் கேகாலைப் பக்கத்திலிருந்து குடியேறியவர். உகணைக்கருகே வாய்க்காலின் மேல்மடையில் அவர்களுக்கு வயல். இருவரும் ஒரே வயதினர். ஒரே வாய்க்காலின் தலையிலும் வாலிலும் ஒரு வாழ்நாளைக் கழித்தவர்கள் அன்றுதான் முதன்முதலாகச் சந்தித்தனர். விதை, உரம், மூட்டை விலை, யானைத் தொல்லை என்று பேச்சு நீண்டது. முடிவில் அவர் சிரித்துக்கொண்டே, "எங்கள் வயலைத் தாண்டிய பிறகு தண்ணீர் எங்கே போகிறதென்று நாங்கள் கேட்டதேயில்லை" என்றார். வாப்பாவும் சிரித்து, "அது எங்கயிருந்து வருதெண்டு நாங்களும் கேட்டதில்ல" என்றார். அச்சிரிப்பிற் பகைமையில்லை. ஆயினும், அதன்பின் இருவருமே நெடுநேரம் பேசவில்லை.

இரவு குளத்து மீன் கறியோடு சோறு உண்டோம். இஷாத் தொழுகை முடித்து மீண்டும் விறாந்தைக்கு வந்தோம். அணைக்கு அப்பாலிருந்து யானையின் பிளிறல் ஒருமுறை கேட்டது. அப்போதுதான் வாப்பா அந்தச் செய்தியை எடுத்தார்.

1980ஆம் ஆண்டுச் சிறுபோகம். ஏரியில் நீர் குறைவு. கடைமடைக்கு முறைத்தண்ணீர் வருவதே அரிதாயிற்று. எமது வரம்புக்கு அடுத்த வயல் அயற்கிராமத்துத் தமிழர் ஒருவருடையது. இரண்டு ஏக்கர், அதுவே அவருடைய முழுச் சொத்து. பயிர் குடலைப் பருவத்தில் இருந்தது. அவருடைய முறை வந்த இரவில், அவர் காவலிருந்து களைத்து வாடியில் உறங்கிய வேளையில், வாப்பா மண்வெட்டியோடு சென்று அவருடைய வக்கடையை அடைத்துத் தம் பக்கம் திறந்துவிட்டார். விடியுமுன் மீண்டும் பழையபடி மாற்றிவிட்டு வீடு திரும்பினார். அந்தப் போகம் எமக்கு விளைந்தது. அவருக்குப் பாதிக்கு மேல் பதராயிற்று. அவ்வாண்டு அவர் தம் மாட்டுச் சோடியை விற்றார்.

"நீ அப்ப கைக்குழந்தை. உம்மாட நகையும் அடகில கிடந்தது" என்று வாப்பா கூறினார். பின், அது நியாயமாகாது என்று தாமே உணர்ந்தவர் போல், "அவருக்கும் பிள்ளைகள் இருந்தாங்க" என்று சேர்த்துக்கொண்டார்.

அடுத்த நாள் அந்த மனிதர் எதுவும் கேட்கவில்லை. எப்போதும் போல் வரம்பில் இருந்து வெற்றிலை கொடுத்தார். வாப்பா வாங்கிப் போட்டார். ஒவ்வொரு போகத்திலும் சொல்ல வேண்டும் என்று எண்ணி, ஒவ்வொரு போகத்திலும் தள்ளிப்போட்டார். 1990இல் நிலைமை கெட்டபோது அக்குடும்பம் இடம்பெயர்ந்தது. இரு சமூகத்தாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க அஞ்சிய ஆண்டுகள் அவை. சொல்ல வேண்டியது சொல்லப்படாமலே நின்றது.

"அல்லாஹ்வுக்குச் செய்த குற்றத்தை அல்லாஹ் மன்னிப்பான். மனிசன்ட ஹக்கை மனிசன்தான் மன்னிக்க வேணும்" என்றார் வாப்பா. நீரும் புல்லும் நெருப்பும் மக்கள் அனைவருக்கும் பொது என்று நபிகளார் போதித்ததை மேடைகளிற் பலமுறை கேட்டிருக்கிறேன். அன்றிரவு அப்போதனையின் எடையை என் தந்தையின் குரலிற் கேட்டேன்.

உறக்கம் வராமற் கிடந்த அவ்விரவில் நான் படித்த வேறொரு செய்தி நினைவுக்கு வந்தது. வாப்பா வக்கடையை மாற்றிய மறு ஆண்டு, அதாவது 1981இல், ஏரி காற்பங்கே நிறைந்திருந்த நேரத்தில், கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோணெல் பல்கலைக்கழகமும் இணைந்து இடதுகரையில் ஒரு முயற்சியைத் தொடங்கின. இளைஞர் சிலர் அமைப்பாளர்களாக வாய்க்கால்தோறும் அனுப்பப்பட்டனர். அவர்கள் விவசாயிகளைச் சிறு குழுக்களாகக் கூட்டி, வாய்க்காலைத் தாமே துப்புரவாக்கவும், முறை வைத்து நீர் பாய்ச்சவும், மிஞ்சுவதைக் கீழ்மடைக்கு விடவும் ஊக்கினர். யாரும் எதிர்பாராத வகையில் அது பலித்தது. மேல்மடைச் சிங்கள விவசாயிகள் தாம் சேமித்த நீரைக் கீழ்மடைத் தமிழ் பேசும் விவசாயிகளுக்கு விட்டனர். அம்முயற்சியில் ஈடுபட்ட நோர்மன் அப்ஹொஃப் என்னும் அறிஞர் கல்லோயாவிற் கற்றவற்றைப் பற்றி 1992இல் ஒரு நூலே வெளியிட்டார். அணையின் உயரத்தையோ ஏரியின் கொள்ளளவையோ அம்முயற்சி கூட்டவில்லை. கீழே இன்னொருவன் இருக்கிறான் என்பதை மேலே இருப்பவனுக்கு நினைவூட்டியது, அவ்வளவே. அந்நினைவு ஓராண்டு முன்னதாக எம் கடைமடைக்கு வந்திருந்தால் என்று எண்ணினேன். ஆனால், அந்த இரவில் மேல்மடையாக இருந்தவர் என் வாப்பாவே அன்றோ! மேல்மடை என்பது அணைக்கு அருகில் உள்ள இடம் மட்டும் அன்று. இன்னொருவனுடைய நீரைத் தடுக்கும் வல்லமை எவன் கையில் உண்டோ, அந்த நேரத்தில் அவன் நிற்கும் இடமெல்லாம் மேல்மடையே.

சுபஹுக்கு முன் வாப்பா என்னை எழுப்பினார். தொழுதபின் அணை மேட்டுக்குச் சென்றோம். ஒரு பக்கம் பனி படர்ந்த ஏரி. மறுபக்கம் நீர் வெளியேறும் இரைச்சல். வாப்பா கைத்தடியை ஊன்றிக்கொண்டு இரு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "இவ்வளவு தண்ணி இருக்கு மகன். நான் ஒரு வக்கடைத் தண்ணிக்காக" என்று தொடங்கி, முடிக்காமலே விட்டார். விடுதிக்குத் திரும்பிக் கணக்குத் தீர்த்தோம். பராமரிப்பாளர் வாப்பாவின் கையைப் பற்றி, ஒருநாள் கடற்கரையைப் பார்க்க வருவதாகக் கூறினார். தண்ணீர் முடியும் இடத்தைப் பார்க்க வாருங்கள் என்று வாப்பா அழைத்தார்.

ஊர் திரும்பியும் நாங்கள் நேரே வீடு செல்லவில்லை. கிட்டங்கியைக் கடந்து, அந்தக் குடும்பத்தை விசாரித்தோம். அவர்கள் பழைய இடத்திலேயே மீளக் குடியேறியிருந்தனர். பெரியவர் காலமாகிப் பல ஆண்டுகளாயிற்று. மூத்த மகன் இருந்தார். தலை நரைத்த மனிதர். வாப்பா கதிரையில் அமரவில்லை. நின்றபடியே, எதையும் மறைக்காமல், ஆண்டையும் போகத்தையும் சொல்லி நடந்ததைக் கூறினார். தேநீர் கொண்டுவந்த பெண் வாசலிலேயே நின்றுவிட்டார்.

மகன் சிறிது நேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின், "அப்பாவுக்குத் தெரியும் காக்கா" என்றார். "விடியக்காலை வக்கடையில புது மண்ணக் கண்டவர். அம்மா கேக்கப் போகச் சொன்னவ. அவர், 'அங்கயும் ஒரு கைக்குழந்தை இருக்கு' எண்டு சொல்லிப்போட்டுப் பேசாம இருந்திட்டார்."

வாப்பா அதன்பின்னரே அமர்ந்தார். அவர் அழுததை நான் கண்டது என் உம்மாவின் ஜனாஸாவன்றும் அன்றும்தான். ஈடாக எதையேனும் பெற்றுக்கொள்ளுமாறு அவர் வற்புறுத்தினார், மகன் மறுத்தார். முடிவில், அடுத்த போகத்துக்கு விதை நெல் இரண்டு மூட்டையை மட்டும் ஏற்பதாக ஒத்துக்கொண்டார். அவ்வாறே கொடுக்கப்பட்டது.

அந்தக் கைக்குழந்தை நான். இங்கினியாகலையிலிருந்து ஐம்பது கிலோமீற்றர் ஓடிவந்து, கடைமடையில், உரியவர் அறிந்தும் கேளாமல் விட்டுக்கொடுத்த நீரை உண்டு வளர்ந்தவன். இப்போது சிறுபோகக் காலங்களில் எம்மூர்த் தேநீர்க் கடையில், "தண்ணி திறந்திட்டாங்களா?" என்று யாரேனும் கேட்கும்போது, அந்த ஏரியும் காடும் நீந்திச் சென்ற யானையும் என் கண்முன் வருகின்றன. அவற்றுக்கு முன்னதாக, வக்கடையிற் புது மண்ணைக் கண்டும் பேசாமல் நின்ற ஒரு மனிதர் வருகிறார்.